ஓய்ந்த செல்லிலும் உயிர் இருக்கிறது: ஒற்றை பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு

ஆரணி, போளூர், வந்தவாசி, செஞ்சி ஆகிய ஊர்களுக்கு நடுவே இருக்கிறது சேத்துப்பட்டு. நெல், கரும்பு, மல்லாட்டை என்று கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நீங்களும் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் உங்கள் பகுதிக்கு மும்முனை மின்சாரம் ராத்திரி முறை. பதினோரு மணிக்கு மேல் கொல்லைக்குப் போய் மோட்டார் போட வேண்டும். கைபேசியில் சார்ஜ் இல்லை. டார்ச்சை எடுத்து அழுத்தினால் மினுக்கென்று ஒரு வெளிச்சம் வந்து அடங்குகிறது. உள்ளங்கையில் தட்டுகிறீர்கள். செல்லைக் கழற்றி, துடைத்து, இடம் மாற்றிப் போடுகிறீர்கள். பயனில்லை. பழகின வரப்புதானே என்று இருட்டிலேயே நடக்கத் தொடங்குகிறீர்கள்.

இந்த ஒரு நடைதான் நம் கிராமங்களில் பல வீடுகளின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். ஏறத்தாழ பாதி இறப்புகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழைக்காலத்தில், அதாவது நிலத்தில் வேலை அதிகமாக இருக்கும் நாட்களில் நிகழ்ந்தவை. தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியது.

கால் வைக்கும் இடம் தெரிந்தால் போதும், இந்த ஆபத்தில் பெரும்பகுதி விலகிவிடும். அதற்குப் பெரிய விளக்கு வேண்டியதில்லை. டார்ச் 'தீர்ந்துவிட்டது' என்று கைவிட்ட அதே செல்லில், இரண்டு மூன்று அடி தூரத்துக்குப் பாதை காட்டும் அளவு ஆற்றல் பெரும்பாலும் மிச்சமிருக்கிறது. அதை வெளியே எடுக்கும் வழி நான்கே நான்கு சிறிய பொருட்களில் அடங்கியிருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பார்ப்போம்.

தீர்ந்தது சரக்கா, அழுத்தமா?

உங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருக்கும். டார்ச்சுக்கு ஆகாத செல்லைத் தூக்கி எறியாமல் சுவர்க் கடிகாரத்தில் போடுவீர்கள். கடிகாரம் இன்னும் சில மாதங்கள் ஓடும். ரேடியோ காலத்தில் செல்லை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுப் பாட்டு கேட்டவர்களும் உண்டு. சூட்டில் செல்லுக்குள் நடக்கும் ரசாயன வினை கொஞ்சம் வேகமெடுக்கும், அதனால் சிறிது நேரம் பாடும். இந்த இரண்டு பழக்கங்களும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன: செல் முழுவதும் காலியாகவில்லை.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் தொட்டியின் நடு உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. தண்ணீர் மட்டம் அந்தக் குழாய்க்குக் கீழே இறங்கியதும் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. ஆனால் தொட்டிக்குள் பாதித் தண்ணீர் அப்படியே இருக்கிறது. மேலே தூக்கிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

செல்லின் கதையும் இதேதான். புதுப் பென்சில் செல்லின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த அது 1.4, 1.3, 1.2 என்று படிப்படியாக இறங்கும். இரண்டு செல் போடும் எல்.இ.டி. டார்ச்சில் புதிதாக இருக்கும்போது 3 வோல்ட் கிடைக்கிறது. ஒவ்வொரு செல்லும் 1.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் மொத்தம் 2.4 வோல்ட்தான். அந்த அழுத்தம் வெள்ளை எல்.இ.டி.க்குப் போதாது. டார்ச் அணைந்துவிடுகிறது. செல்லில் சரக்கு இருக்கிறது, அழுத்தம்தான் இல்லை.

எல்.இ.டி.க்கு ஏன் 3 வோல்ட்?

பழைய குண்டு பல்பு டார்ச்சில் செல் ஓய ஓய வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, மெல்ல மங்கும். எல்.இ.டி. அப்படியல்ல. அதற்கு ஒரு வாசல்படி உண்டு. அந்த உயரத்தைத் தாண்டினால் எரியும், தாண்டாவிட்டால் எரியாது.

அந்த வாசல்படியின் உயரம் ஒளியின் நிறத்தைப் பொறுத்தது. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 1.8 முதல் 2 வோல்ட் வேண்டும். நீல எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட். சிவப்பு ஒளியைவிட நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் என்பதே காரணம். நாம் பயன்படுத்தும் வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.தான். அதன்மேல் மஞ்சள் நிறப் பாஸ்பர் பூச்சு இருக்கும். நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. இந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் வேண்டும். ஒற்றைச் செல்லில் இருப்பது 1.5 வோல்ட். ஓய்ந்த செல்லில் 1 வோல்ட்டும் இருக்கலாம், அதற்குக் கீழேயும் இருக்கலாம். இந்த இடைவெளியை நிரப்புவதுதான் 'பூஸ்ட் கன்வெர்ட்டர்' என்று சொல்லப்படும் மின்னழுத்தம் ஏற்றும் சுற்று.

கேட் வால்வும் டியூப் லைட் சோக்கும்

பம்ப்செட் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நீண்ட குழாயின் கடைசியில் இருக்கும் வால்வைச் சட்டென்று மூடிப் பார்த்திருக்கிறீர்களா? குழாய் 'டொம்' என்று அதிரும். பலவீனமான இணைப்பு இருந்தால் பிய்த்துக்கொண்டு போகும். ஓடிவந்த தண்ணீருக்கு வேகம் இருக்கிறது. திடீரென்று வழி அடைபட்டதும் அந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது. பம்ப் கொடுக்கும் அழுத்தத்தைவிட அந்த ஒரு கணத்தின் அழுத்தம் பல மடங்கு அதிகம்.

இந்த அதிர்ச்சியை வேலை வாங்கும் கருவியும் உண்டு. ஹைட்ராலிக் ராம் என்ற பம்ப்புக்கு மின்சாரமும் வேண்டாம், டீசலும் வேண்டாம். ஓடும் தண்ணீரே வால்வை மூடும். அப்போது எழும் அழுத்தத்தில் கொஞ்சம் தண்ணீர் மேட்டுக்கு ஏறும். பிறகு வால்வு தானே திறக்கும், மறுபடி மூடும். மலையடிவாரங்களில் ஓடையிலிருந்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்ற உலகின் பல இடங்களில் இது இன்றும் பயன்படுகிறது.

மின்சாரத்தில் அந்த நீண்ட குழாயின் வேலையைச் செய்வது கம்பிச் சுருள், அதாவது காயில். காயில் வழியே மின்னோட்டம் ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. ஓட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் காந்தப்புலம் சுருங்கும். 'ஓட்டம் நிற்கக் கூடாது' என்று காயில் பிடிவாதம் பிடித்து, தானே மின்னழுத்தத்தை எகிற வைக்கும்.

இதையும் நீங்கள் பார்த்தே இருக்கிறீர்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட் போடும்போது ஸ்டார்ட்டர் இரண்டு மூன்று முறை கண் சிமிட்டும். சோக் என்பது ஒரு பெரிய காயில். ஸ்டார்ட்டர் அதன் மின்னோட்டத்தை வெட்டிவிடும் கணத்தில் சோக் உயர்ந்த மின்னழுத்தத்தைத் தள்ளுகிறது. டியூப் பற்றிக்கொள்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பவர் பேங்க்கும் இதே தத்துவம்தான். உள்ளே இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி. கைபேசிக்குப் போவது 5 வோல்ட். நடுவில் ஒரு காயிலும் அதைத் திறந்து மூடும் ஒரு சிப்பும் இருக்கின்றன.

நான்கு பொருள், ஒரு செல்

ஒற்றைச் செல் விளக்கில் வால்வைத் திறந்து மூடுவது டிரான்சிஸ்டர். இங்கிலாந்திலிருந்து வந்த 'எவ்ரிடே பிராக்டிகல் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற மாத இதழில் 1999 நவம்பரில், ஒரு வோல்ட்டில் எல்.இ.டி.யை எரிய வைக்கும் எளிய சுற்று ஒன்று வெளியானது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், இரட்டைச் சுருள் சுற்றிய ஒரு ஃபெரைட் வளையம், ஒரு எல்.இ.டி., அவ்வளவுதான். பிற்பாடு இதற்கு 'ஜூல் தீஃப்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஜூல் என்பது ஆற்றலின் அலகு. செல்லின் அடிமட்டத்தில் கிடக்கும் ஆற்றலைக்கூட விடாமல் திருடிக்கொண்டு வருவதால் 'ஜூல் திருடன்'.

இது வேலை செய்யும் விதம் இதோ. செல்லை இணைத்ததும் ரெசிஸ்டர் வழியே சிறிதளவு மின்னோட்டம் டிரான்சிஸ்டரின் 'பேஸ்' காலுக்குப் போகிறது. டிரான்சிஸ்டர் லேசாகத் திறக்கிறது. முதல் சுருளில் மின்னோட்டம் தொடங்குகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் அதே வளையத்தில் இருக்கும் இரண்டாவது சுருளைத் தூண்டுகிறது. இரண்டாவது சுருள் டிரான்சிஸ்டரை இன்னும் நன்றாகத் திறந்துவிடுகிறது. கண நேரத்தில் வால்வு முழுவதும் திறந்துவிடும்.

மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய், இதற்கு மேல் ஏற முடியாது என்ற நிலை வரும். ஏற்றம் நின்றதும் இரண்டாவது சுருளின் தூண்டுதலும் நிற்கிறது. டிரான்சிஸ்டர் மூடிக்கொள்கிறது. இப்போது முதல் சுருளில் ஓடிய மின்னோட்டத்துக்குப் போக வழியில்லை. அழுத்தம் எகிறுகிறது. செல்லின் அழுத்தமும் காயிலின் அழுத்தமும் சேர்ந்து 3 வோல்ட் வாசல்படியைத் தாண்டுகின்றன. எல்.இ.டி. பளிச்சென்று எரிகிறது. காயிலில் சேர்ந்திருந்த ஆற்றல் தீர்ந்ததும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

இந்தத் திறப்பும் மூடலும் ஒரு நொடிக்குப் பல பத்தாயிரம் முறை நடக்கிறது. எல்.இ.டி. அத்தனை முறை எரிந்து அணைகிறது. நம் கண்ணுக்கு அது விடாமல் எரிவதாகத்தான் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. செல் 1.2 வோல்ட், எல்.இ.டி.க்கு 3 வோல்ட் என்றால், பத்துப் பங்கு நேரத்தில் ஆறு பங்கு வால்வு திறந்திருக்க வேண்டும், நான்கு பங்கு மூடியிருக்க வேண்டும். செல் இன்னும் இறங்க இறங்க, திறந்திருக்கும் பங்கு கூடிக்கொண்டே போகும். செல் சுமார் 0.6 வோல்ட்டுக்கு வரும்வரை இந்தச் சுற்று ஏதோ ஒரு வெளிச்சத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே போனால் டிரான்சிஸ்டரே திறக்காது.

இல்லாததை உண்டாக்க முடியாது

'1.2 வோல்ட் போட்டால் 3 வோல்ட் வருகிறதே, அப்படியானால் மின்சாரம் பெருகிவிட்டதா?' என்று கேட்கத் தோன்றும். இல்லை. ராம் பம்ப்பில் பத்துக் குடம் ஓடினால் ஒன்றிரண்டு குடம்தான் மேடேறும். உயரம் கூடினால் அளவு குறையும். இங்கும் அதே நியாயம்தான். அழுத்தம் கூடும், ஓட்டம் குறையும், நடுவில் கொஞ்சம் சேதாரமும் உண்டு.

சார்ஜ் ஏற்றக்கூடிய ஒரு பென்சில் செல்லை எடுத்துக்கொள்வோம். 1.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி என்று அதன்மேல் போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 2.4 வாட் மணி. நல்ல சிப் வைத்த சுற்றில் இதில் 80 சதவீதம் எல்.இ.டி.க்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்தால் 1.9 வாட் மணி கிடைக்கும். சிறிய 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. ஒன்று 3 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும், அதாவது 0.06 வாட். அப்படியானால் அந்த ஒரு செல்லில் ஏறத்தாழ 30 மணி நேரம் எரியும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் பதினைந்து ராத்திரி.

அதே செல்லில் 1 வாட் எல்.இ.டி.யை எரிக்க நினைத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. கையால் செய்யும் ஜூல் தீஃப் சுற்றில் சேதாரம் இன்னும் அதிகம், வெளிச்சமும் நேரமும் அதற்கேற்பக் குறையும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், 'ஒரே செல்லில் வீடு முழுக்க வெளிச்சம்' என்று யாராவது சொல்லும்போது ஏமாற மாட்டீர்கள்.

நீங்களே செய்யலாம்

ஆரணி, திருவண்ணாமலை, வேலூர் போன்ற ஊர்களில் ரேடியோ, டி.வி. உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கலாம்.

தேவையானவை: பி.சி. 337 டிரான்சிஸ்டர் ஒன்று (கிடைக்காவிட்டால் பி.சி. 547). 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன் பட்டைகள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று இருக்கும். 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்.இ.டி. ஒன்று. விரல் மோதிரம் அளவுள்ள ஃபெரைட் வளையம் ஒன்று. பென்சில் செல் மாட்டும் ஹோல்டர், ஒரு சிறிய சுவிட்ச். இரண்டு நிறத்தில் மெல்லிய கம்பி. பிளாஸ்டிக் உறை போட்ட டெலிபோன் கம்பி வசதியானது. மோட்டார் காயில் கட்டும் கடையில் மிஞ்சும் மெல்லிய வைண்டிங் கம்பியும் ஆகும், ஆனால் முனைகளில் எனாமலை நன்றாகச் சுரண்டிவிட வேண்டும்.

சுற்றும் முறை: இரண்டு கம்பிகளையும், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என்று வைத்துக்கொள்வோம், சேர்த்துப் பிடித்து வளையத்தின் உள்ளும் வெளியுமாகப் பதினைந்து சுற்று ஒரே திசையில் சுற்றுங்கள். இப்போது நான்கு முனைகள் இருக்கும். சிவப்பின் முடிவு முனையையும் பச்சையின் தொடக்க முனையையும் ஒன்றாக முறுக்குங்கள். அது சுவிட்ச் வழியாகச் செல்லின் பிளஸ்ஸுக்குப் போக வேண்டும்.

மீதி இரண்டு முனைகளில் ஒன்றை ரெசிஸ்டரில் இணைத்து, ரெசிஸ்டரின் மறுமுனையை டிரான்சிஸ்டரின் பேஸ் காலில் இணையுங்கள். இன்னொரு முனையை கலெக்டர் காலில் இணையுங்கள். எமிட்டர் கால் செல்லின் மைனஸுக்கு. எல்.இ.டி.யின் நீளமான கால் கலெக்டருக்கு, குட்டையான கால் மைனஸுக்கு. நாம் சொன்ன டிரான்சிஸ்டர்களில் தட்டையான முகம் உங்களைப் பார்த்து இருக்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். எல்லா இணைப்பையும் ஈயம் வைத்து ஒட்டிவிடுங்கள். முறுக்கி மட்டும் விட்டால் ஈரத்தில் துரு ஏறி நாளடைவில் விட்டுப்போகும்.

எரியவில்லையா? பத்தில் ஒன்பது முறை தவறு இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எல்.இ.டி. தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும். கம்பி முனையில் எனாமல் சரியாகச் சுரண்டப்பட்டிருக்காது. அல்லது பிளஸ்ஸில் சேர வேண்டிய இரண்டு முனைகள் மாறியிருக்கும். கடைசியாகச் சொன்னதற்கு, பச்சைக் கம்பியின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

எல்.இ.டி. இல்லாமல் செல்லை இணைக்காதீர்கள். ஏறிய அழுத்தம் போக வழியில்லாமல் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும். ஃபெரைட் வளையத்துக்காகப் பழைய சி.எஃப்.எல். பல்பை உடைக்க வேண்டாம். அதற்குள் வளையம் இருப்பது உண்மைதான். கண்ணாடிக் குழாயில் பாதரசமும் இருக்கிறது, உள்ளே இருக்கும் கண்டென்சர் ஷாக் அடிக்கவும் கூடும். சில ரூபாய்க்குக் கடையில் கிடைப்பதற்கு அந்த வம்பு எதற்கு?

கடையில் வாங்கும் சோலார் குச்சி விளக்கு

செய்ய நேரமில்லாதவர்களுக்கு இதே சுற்று ரெடிமேடாகவும் கிடைக்கிறது. தோட்டத்தில் குத்தி வைக்கும் சிறிய சோலார் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கழற்றினால் ஒரு சிறிய சோலார் தகடு, சார்ஜ் ஏற்றக்கூடிய ஒரே ஒரு 1.2 வோல்ட் செல், ரெசிஸ்டர் போலவே தோன்றும் ஒரு காயில், நான்கு கால் கொண்ட ஒரு கறுப்புச் சிப், ஒரு எல்.இ.டி. இவ்வளவுதான் இருக்கும். ஒய்.எக்ஸ். 8018, க்யூ.எக்ஸ். 5252 போன்ற பெயர்கள் சிப்பின்மேல் அச்சிடப்பட்டிருக்கும்.

அந்தச் சிப் இரண்டு வேலை செய்கிறது. பகலில் தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தைச் செல்லுக்கு அனுப்புகிறது. பொழுது சாய்ந்து தகட்டின் மின்னழுத்தம் விழுந்ததும் 'இருட்டிவிட்டது' என்று உணர்ந்து, காயிலைத் திறந்து மூடி எல்.இ.டி.யை எரிய வைக்கிறது. தனியாக சென்சாரும் கிடையாது, சுவிட்ச் போட ஆளும் வேண்டாம்.

'ஒரு வருஷத்திலேயே கெட்டுவிட்டது' என்று இதைத் தூக்கிப் போடுகிறவர்கள் பலர். பெரும்பாலும் கெட்டது விளக்கு அல்ல, உள்ளே இருக்கும் செல்தான். அதே அளவில், சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்றை வாங்கிப் போட்டால் மறுபடி எரியும். தகட்டின்மேல் படிந்த தூசியையும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். சாதாரண டார்ச் செல்லை மட்டும் இதில் போடவே கூடாது. சோலார் தகடு அதற்கு சார்ஜ் ஏற்றப் பார்க்கும், செல் கசிந்து விளக்கையே பாழாக்கிவிடும்.

எங்கே உதவும், எங்கே உதவாது?

முதல் பயன் மோட்டார் கொட்டகைக்குப் போகும் வழி. கையில் செய்த ஒற்றைச் செல் விளக்கைக் கொட்டகைச் சாவியோடு சேர்த்து மாட்டிவிடுங்கள். பெரிய டார்ச் இருந்தாலும் இது துணைக்கு இருக்கட்டும். நடக்கும்போது வெளிச்சம் தூரத்தில் விழ வேண்டாம், கால் முன்னே விழட்டும். இடுப்பு உயரத்தில் தாழ்த்திப் பிடித்தால் வரப்பில் கிடப்பது தெரியும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். வெளிச்சம் இருந்தாலும் கணுக்காலை மூடும் செருப்பையும் கையில் தடியையும் விடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

இரண்டாவது, கொட்டகைக்குள். ஒரு சோலார் குச்சி விளக்கின் தகடு வெயிலில் படும்படி கூரைமேலும், எல்.இ.டி. ஸ்டார்ட்டர் பெட்டி பக்கமும் இருக்குமாறு கம்பியை நீட்டிப் பொருத்தலாம். ஈரக்கையோடு இருட்டில் ஸ்டார்ட்டரைத் தடவும் ஆபத்து நீங்கும். அந்தப் பெட்டியைத் திறக்காமல், அதன் கம்பிகளைத் தொடாமல், விளக்கைத் தனியாக மாட்டுங்கள்.

மூன்றாவது, தறி இருக்கும் வீடு. ஆரணிப் பட்டு நெசவு சேத்துப்பட்டுப் பக்கத்து ஊர்களிலும் உண்டு. மின்வெட்டு நேரத்தில் பாவில் அறுந்த இழையைத் தேடிப் பிடிக்க இந்தச் சிறு வெளிச்சம் போதும். நிறம் பார்த்துச் சேலை நெய்ய இது போதாது. மலிவான வெள்ளை எல்.இ.டி.யில் நீலச்சாயல் தூக்கலாக இருக்கும், அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தோன்றும்.

இது உதவாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். மானாவாரி மல்லாட்டையில் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சிகள் மழை பெய்ததும் மண்ணிலிருந்து கூட்டமாகக் கிளம்பும். அந்த நாட்களில் இரவு 8 மணி முதல் 11 மணி வரை விளக்குப் பொறி வைத்து, கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு வைத்து அவற்றை அழிப்பது நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படும் முறை. இதற்கு ஒற்றைப் பென்சில் செல் விளக்கு போதுமா என்றால், போதாது. மூன்று வாட் விளக்கு மூன்று மணி நேரம் எரிய 9 வாட் மணி வேண்டும். நம் செல்லில் இருப்பது 2.4. இதற்கு 3.7 வோல்ட், 2600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட லித்தியம் செல் ஒன்று முழு சார்ஜில் இருந்தால் ஏறத்தாழ ஈடுகட்டும். அதில் 9.6 வாட் மணி இருக்கிறது. அதன் மின்னழுத்தம் எல்.இ.டி.யின் வாசல்படிக்கு மேலேயே இருப்பதால், ஒரே ஒரு எல்.இ.டி. வைத்த விளக்கு என்றால் அழுத்தம் ஏற்றும் சுற்றும் தேவைப்படாது, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். வாடகைக்கோ மானியத்திலோ சோலார் விளக்குப் பொறி வாங்கும்போது எத்தனை வாட் விளக்கு, எத்தனை வாட் மணி பேட்டரி என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வகுத்துப் பார்த்தால் எத்தனை மணி நேரம் எரியும் என்பது தெரிந்துவிடும்.

கடைசிச் சொட்டுவரை, அதற்கு மேல் வேண்டாம்

ஜூல் தீஃப் சுற்றில் போட வேண்டியது சார்ஜ் ஏற்ற முடியாத, ஓய்ந்துபோன செல். சார்ஜ் ஏற்றும் செல்லை அதில் போட்டு அடிவரை உறிஞ்சினால் செல்லின் ஆயுள் குறைந்துவிடும். எல்.இ.டி. மங்கத் தொடங்கியதும் அதைக் கழற்றி சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். லித்தியம் செல்லை இந்தச் சோதனைக்கே எடுக்கக் கூடாது. உப்பிப்போனதைத் தொடவும் வேண்டாம்.

முழுவதும் வற்றிய செல்லை விளக்கிலேயே விட்டுவைத்தால் கசியும். அதை வயல் ஓரத்திலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாதீர்கள். 2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், எல்லா வகைப் பேட்டரிகளையும் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்து, நகரத்துக்குப் போகும்போது மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உழவர் கூட்டத்துக்குப் போகும்போது இந்த விளக்கு ஒன்றைச் செய்து பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாரிடமாவது டார்ச்சில் ஓய்ந்துபோன செல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அங்கேயே மாட்டிக் காட்டுங்கள். பாம்புக்கடி பற்றி அரை மணி நேரம் பேசுவதைவிட, செத்துப்போனதாக நினைத்த செல்லில் விளக்கு எரிவதைப் பார்த்தவர் மறக்க மாட்டார். அடுத்த ராத்திரி முறைக்கு அவர் வெறுங்கையோடு வரப்பில் இறங்கவும் மாட்டார்.